மாமன் பிடித்த கயிறு

கோடை விடுமுறை பிறந்து மூன்றாம் நாள் காலை. கொல்லைப்புறத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு வருஷ காலமாகப் படிக்காமல் சேர்த்து வைத்திருந்த பத்திரிகைகளை நாம் புரட்டிக்கொண்டிருந்தோம். அப்போது நால்வர் அடங்கிய தூதுகோஷ்டி ஒன்று நம் முன் வந்து நின்றது. தலைவி நம் தங்கையின் மூத்த மகள், வயது ஒன்பது. விடுமுறைக்கென்று திருநெல்வேலியிலிருந்து வந்திருப்பவள். அவளுடைய தம்பி, நம் புத்திரன், அடுத்த வீட்டுப் பையன் ஆகிய மூவரும் அங்கத்தினர்கள். கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: கொல்லையிலுள்ள வேப்பமரத்தில் ஓர் ஊஞ்சல் வேண்டும்.

"யோசிக்கிறோம்" என்றோம். சர்க்காரும் உபாத்தியாயரும் யோசிப்பதாகச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது இக்காலத்துக் குழந்தைகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அன்று மத்தியானம் இலை போட்ட பிறகு ஒருவரும் சாப்பிட வரவில்லை. 1930-ஆம் வருஷத்து வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் மணிக்கணக்காகப் பிரசங்கம் செய்தவர் நாம்தான். அதன் பலன் நம் வீட்டுக் கூடத்திலேயே இப்படி விளையும் என்று எதிர்பார்க்கவில்லை. ரசம் ஆறுவதற்குள் சரணாகதி அடைந்தோம்.

புன்னைக்காயலில் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. தாமிரபரணி நதி கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது இவ்வூர். புன்னை மரமும் உப்பங்கழியும் சேர்ந்து கொடுத்த பெயர். 1586-ஆம் வருஷத்தில் அண்ட்ரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' அச்சான ஊர் என்று தமிழ் அச்சின் சரித்திரத்தில் இதற்கு ஒரு தனி ஸ்தானமும் உண்டு. ஆனால் ஊருக்குள் வருகிறவர் கண்ணில் முதலில் படுவது சரித்திரம் அல்ல, கயிறுதான். படகில் கயிறு, வலையில் கயிறு, வாசலில் காயும் கயிறு, அலை கொண்டுவந்து கரையில் ஒதுக்கிய கயிறு.

அந்தக் கடைசி வகைக் கயிறுதான் நம் கையில் அகப்பட்டது. நீல நிறம், சுண்டுவிரல் கனம், கைக்கு வழவழப்பு. காசு கொடுக்காமல் கிடைத்தது என்பது எல்லாவற்றிலும் பெரிய சிறப்பு. ஏணியை வைத்து ஏறி, கிளையில் ஒரு சுற்றுச் சுற்றி, நமக்குத் தெரிந்த ஒரே முடிச்சைப் போட்டு, கீழே ஒரு பலகையைக் கோத்துவிட்டு, முக்கால் மணி நேரத்தில் பத்திரிகைக்குத் திரும்பிவிட்டோம். குழந்தைகள் ஆரவாரம் செய்தார்கள். "மாமாவைப் போல உண்டா?" என்றாள் தலைவி. நமக்கும் அது நியாயமான கேள்வியாகவே தோன்றிற்று.

நான்காம் நாள் சாயங்காலம் கயிறு அறுந்தது.

அப்போது ஊஞ்சலில் இருந்தவள் தலைவிதான். முன்பக்கம் வீசிப் போன வேகத்தில் விழுந்தாள். கிணற்றடிக் கல்லுக்கும் அவள் தலைக்கும் நடுவே இரண்டு சாண் இடைவெளி இருந்தது. அந்த இரண்டு சாணுக்காக நாம் இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறோம். இடது முன்கை எலும்பில் விரிசல், மாவுக்கட்டு, நான்கு வாரம் அசையக் கூடாது என்று வைத்தியர் உத்தரவு. செய்தி கேட்டு ஓடி வந்த தங்கை நம்மை ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

குழந்தை மட்டும் கேட்டாள். வலியின் நடுவே, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் விருப்பத்தோடு கேட்டாள்: "மாமா, நீங்க கட்டினதுதானே? அப்புறம் எப்படி அறுந்தது?"

வீட்டில் உடனே சட்டம் இயற்றப்பட்டது. இனி இந்தக் கொல்லையில் ஊஞ்சல் என்ற பேச்சே கூடாது. இந்தத் தீர்மானத்தை நாமும் ஆமோதித்தோம். குற்றவாளிகளுக்குத் தடைச் சட்டத்தைப் போல் சௌகரியமானது வேறில்லை. ஊஞ்சல் ஆபத்தானது என்று தீர்ப்பாகிவிட்டால், கட்டினவன் அசட்டை செய்தான் என்ற பேச்சு எழுவதில்லை அல்லவா?

அந்தச் சௌகரியத்தைக் கெடுத்தவர் அடுத்த வீட்டுப் பெரியவர். எண்பது வயதைத் தாண்டியவர். கடலிலேயே ஆயுளைக் கழித்தவர். குழந்தையைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் வந்தார். மரத்தடியில் கிடந்த நீலக் கயிற்றைக் கையில் எடுத்து, அறுந்த முனையை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். கயிற்றிலிருந்து நீல மாவு உதிர்ந்தது.

"வாத்தியாரய்யா, இது எங்க கிடந்தது?"

"கரையில்தான்."

"கடலே வேண்டாம்னு தள்ளினதையா பிள்ளைக்குக் கட்டினீங்க?"

நாம் பதில் சொல்லவில்லை. பெரியவர் திண்ணையில் உட்கார்ந்தார். கயிற்றைப் பற்றி அவர் அன்று சொன்ன விஷயத்தைத்தான் இந்த வாரம் நேயர்களுக்கு எழுத வேண்டுமென்று தோன்றியது.

அவருடைய தகப்பனார் முத்துக் குளித்தவர். மன்னார் வளைகுடாவின் நமது கரையில் முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரையில் நடந்து, அதற்குப் பிறகு நின்றுபோயிற்று. அந்தக் கடைசி வருஷங்களில் இவர் படகில் எடுபிடி வேலை செய்யும் சிறுவனாக இருந்திருக்கிறார். குளிப்பவர் காலை ஒரு கனத்த கல்லின் மேல் ஊன்றிக்கொள்வார். கல்லுக்கு ஒரு கயிறு. கல்லின் கனம் அவரை விரைவில் அடித்தரைக்குக் கொண்டுபோய்விடும். அங்கே கல்லை விட்டுவிடுவார். மேலே உள்ளவர்கள் அதை இழுத்துக்கொள்வார்கள். குளிப்பவரிடம் இன்னொரு கயிறு இருக்கும். மூச்சு இருக்கும் வரை சிப்பிகளை வாரிப் பையில் நிரப்பிவிட்டு, அந்தக் கயிற்றைச் சுண்டுவார். சுண்டினவுடனே மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். எல்லாம் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷத்து வேலை. அந்த நேரத்தில் மேலே இருப்பவர் கொட்டாவி விட்டாலும் போயிற்று. அண்டைப் படகுக்காரரோடு இரண்டு வார்த்தை பேசினாலும் போயிற்று.

"எங்க அப்பா கயிறை யாரும் தொட முடியாது. எங்க தாய்மாமன்தான் பிடிப்பார்" என்றார் பெரியவர். "ஏன்னா, அவரு கை அசந்தா தாலி அறுக்கிறது அவரு கூடப்பிறந்தவ. கூலிக்கு வந்தவன் கயிறைப் பிடிப்பான். ஆனா மைத்துனன்தான் கண்ணை மூடாம பிடிப்பான்."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பிள்ளைக்கு நீங்க தாய்மாமன் இல்லையா, வாத்தியாரய்யா?"

இதற்கு மேல் அவர் நம்மைக் கண்டிக்கவில்லை. கண்டிப்பதற்கு மேலும் எதுவும் பாக்கி இருக்கவில்லை.

நிற்க. நம்முடைய குற்றம் அறியாமை என்று நேயர்கள் தயவு செய்து மன்னித்துவிட வேண்டாம். வருஷந்தோறும் கரும்பலகையில் தனி ஊசலின் படம் வரைந்து பாடம் நடத்துகிறவர் நாம். விஞ்ஞானப் புஸ்தகத்தில் வரும் 'ஊசல்' என்ற சொல்லும், பழந்தமிழில் ஊஞ்சலைக் குறிக்கும் 'ஊசல்' என்ற சொல்லும் ஒன்றே. பீசா நகரத்து மாதாகோவிலில் ஆடிய விளக்கைப் பார்த்துத் தம் நாடித் துடிப்பால் கணக்கிட்ட கலீலியோவின் கதையை ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லியிருக்கிறோம். ஊசல் ஒரு முறை போய்த் திரும்பும் நேரம், அதில் தொங்கும் பாரத்தைப் பொறுத்ததல்ல. கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் நீளமானால் இரண்டு விநாடி; நான்கு மீட்டர் நீளமானால் நான்கு விநாடி. உயரமான கிளையில் கட்டிய ஊஞ்சல் நிதானமாகவும் கம்பீரமாகவும் ஆடுவதற்குக் காரணம் இதுதான். இவ்வளவும் நமக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். ஊஞ்சல் சும்மா நிற்கும்போது கயிறு தாங்குவது குழந்தையின் எடையை மட்டுமே. ஆனால் செங்குத்திலிருந்து அறுபது பாகை வரை வீசி ஆடினால், கீழே வரும் கணத்தில் கயிறு தாங்குவது எடையைப் போல் இரண்டு மடங்கு. கிளை மட்டத்துக்கு நேராக, தொண்ணூறு பாகைக்கு ஏறிவிட்டால் மூன்று மடங்கு. இருபத்தைந்து கிலோ எடையுள்ள குழந்தை எழுபத்தைந்து கிலோவாகிவிடுகிறது! அதன் மேல் முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் வலிமை பாதியாகக் குறைந்துவிடக் கூடும். இந்தக் கணக்கையெல்லாம் பரீட்சையில் கேட்டு, தவறாக எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறோம். வேப்பமரத்தின் மேல் ஏறி நின்றபோது மாத்திரம் அது ஞாபகத்துக்கு வரவில்லை. பாடம் கரும்பலகையிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் பெரியவரே நம்மைச் சிஷ்யனாக ஏற்றுக்கொண்டார். அவரிடம் கற்றதையும், நாமாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்லுகிறோம். வீட்டில் மரமும் குழந்தையும் உள்ளவர்களுக்குப் பயன்படக் கூடும்.

முதலில் மரம். வேம்பும் புளியும் உத்தமம். மாமரத்துக் கிளை நல்ல பருமனாக இருந்தால் சரியே. முருங்கையை நினைக்கவே வேண்டாம். அது பருத்தாலும் தூணாகாது என்று பழமொழியே இருக்கிறது. நாவல் மரமும் சொல்லாமல் முறியக் கூடியது. கிளை பச்சையாக இருக்க வேண்டும். ஒரு பெரிய ஆளின் தொடைக்குக் குறையாத பருமன் வேண்டும். பொந்தும் வெடிப்பும் இருக்கக் கூடாது. கரையான் மண் ஏறியிருந்தால் அந்தக் கிளையை விட்டுவிட வேண்டும். கயிற்றைக் கிளையின் நுனிப்பக்கம் கட்டாமல் அடிமரத்தை ஒட்டிய பாகத்தில் கட்ட வேண்டும்; ஆனால் ஆடும் குழந்தை அடிமரத்தில் மோதாத அளவு தூரமும் இருக்க வேண்டும்.

இரண்டாவது கயிறு. நாம் இந்த இடத்தில் தேங்காய் நார்க் கயிற்றுக்காக வக்காலத்து வாங்குவோம் என்று நேயர்கள் எதிர்பார்ப்பார்கள். நம் நாட்டு மரம், நம் நாட்டுக் கை, கிராமத்துக் குடும்பத்துக்குக் கூலி என்று அதற்கு எத்தனையோ பெருமை உண்டு. உப்பு நீரையும் அது நன்றாகத் தாங்கும். புதிய நார்க் கயிற்றில், கட்டைவிரலைக் காட்டிலும் தடித்ததாக, புரிகள் இறுக முறுக்கியதாகப் பார்த்து வாங்கினால் குழந்தைகளின் ஊஞ்சலுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் சுதேசிக் கயிறு என்பதற்காக உளுத்த கயிறு உரம் பெற்றுவிடாது. ஒரு மழைக்காலம் முழுவதும் மரத்திலேயே நனைந்து தொங்கிய நார்க் கயிற்றை மறு வருஷம் நம்பக் கூடாது. பருத்திக் கயிறு கைக்கு இதமானது; ஈரத்தில் சீக்கிரம் இற்றுவிடும். செயற்கை இழைக் கயிறு புதிதாக இருக்கும்போது மிக வலியது. ஆனால் வெயில் அதற்குச் சத்துரு. நம் நீலக் கயிறு கடலிலும் மணலிலும் எத்தனை கோடை கிடந்ததோ, பார்வைக்குக் கயிறாகவும் உள்ளுக்குள் மாவாகவும் ஆகியிருந்தது. எந்தக் கயிறானாலும், புரிகளைச் சற்றே பிரித்து உள்ளே பார்க்க வேண்டும் என்பார் பெரியவர். கயிற்றின் யோக்கியதை வெளியில் தெரியாது, உள்புரியில் இருக்கிறது.

மூன்றாவது கட்டு. கயிறு அறுவது பெரும்பாலும் நடுவில் அல்ல; கிளையோடு உராயும் இடத்திலும் முடிச்சிலும்தான். ஆகவே கிளையின் மேல் முதலில் சாக்குத் துண்டு ஒன்றைப் பல மடிப்பாகச் சுற்ற வேண்டும். பழைய சைக்கிள் டயர் இருந்தால் இன்னும் நல்லது. அதன் மேல் கயிற்றை இரண்டு சுற்றாவது சுற்றி, அசைந்து தேயாதபடி அழுத்தமாகக் கட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினால்தான் கிளை பருக்க இடமிருக்கும். இல்லாவிட்டால் கயிறு பட்டையை நெரித்து, நிழல் கொடுத்த மரத்துக்கே தீங்கு செய்யும். இரண்டு கயிறுகளுக்கும் தனித்தனிக் கட்டு அவசியம். ஒன்று தவறினாலும் மற்றொன்று தாங்க வேண்டும். நாம் ஒரே கயிற்றை மேலே சுற்றி இரு பக்கமும் தொங்கவிட்டிருந்தோம். ஓரிடத்தில் அறுந்ததும் எல்லாமே கீழே வந்துவிட்டது.

நான்காவது பலகை. கயிறு நழுவாமல் இருக்கப் பலகையின் இரண்டு முனைகளிலும் வெட்டுவாய் வைத்து, ஓரங்களை இழைத்து வழவழப்பாக்க வேண்டும். பலகையின் உயரம் குழந்தையின் முழங்கால் அளவு இருந்தால் போதும். கீழே ஒரு முழ ஆழம் மணல் கொட்ட வேண்டும். இந்த விஷயத்தில் புன்னைக்காயல் வாசிகள் பாக்கியசாலிகள். மண்வெட்டியால் தரையைக் கிளறிவிட்டாலே போதும். கல்லும், துவைக்கும் மேடையும், ஆட்டுரலும், கிணற்றுச் சுவரும் ஊஞ்சலின் பாதையிலிருந்து விலகியிருக்க வேண்டும். முன்னும் பின்னும் கயிற்றின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது வெறும் வெளியாக இருக்கட்டும்.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் புடவையைத் தூளி கட்டிப் பச்சைக் குழந்தையைத் தூங்க வைப்பது வழக்கம். அதில் தாயின் வாசனையும் இருக்கும். தாயின் கண்ணும் பக்கத்தில் இருக்கும். ஆனால் வளர்ந்த பிள்ளைகள் அதே புடவையை ஊஞ்சலாக்கி, முறுக்கிச் சுழன்று விளையாடும்போது, அது கழுத்தில் சுற்றி உயிரே போய்விட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். அந்தச் செய்திகளிலெல்லாம் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் ஒன்று உண்டு: அப்போது வீட்டில் பெரியவர்கள் யாரும் அருகில் இல்லை. தலை நுழையக் கூடிய வளையமோ, கழுத்தில் சுற்றக் கூடிய துணியோ, தொங்கும் மிச்சக் கயிறோ குழந்தைகளின் ஊஞ்சலில் இருக்கவே கூடாது.

கடைசியாகப் பரீட்சை. குழந்தையை ஏற்றுவதற்கு முன் அந்தக் குழந்தையைப் போல் மூன்று மடங்கு, கூடுமானால் அதற்கும் மேல், பாரத்தை ஏற்றி ஆட்டிப் பார்க்க வேண்டும். மணல் மூட்டையும் ஏற்றலாம். அதைவிட நல்ல பாரம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி முடிவில் சொல்லுகிறோம்.

இவ்வளவு தொல்லைக்கு ஊஞ்சலே வேண்டாமே என்று சிலர் நினைக்கலாம். நாமும் நினைத்ததுண்டு. ஆனால் இந்த ஆட்டம் நேற்று வந்ததல்ல. அகநானூற்றின் இருபதாவது பாட்டைப் பாருங்கள், பாடியவர் உலோச்சனார். கடற்கரைப் பெண்கள் தகப்பன்மார் கொண்டுவந்த மீன் காய்வதைப் பறவைகள் கொத்தாமல் காவல் காக்கிறார்கள். மணல்மேட்டுப் புன்னை நிழலில் இளைப்பாறுகிறார்கள். நண்டு வளையைத் தோண்டுகிறார்கள். பிறகு ஞாழல் மரத்தின் உயர்ந்த கிளையில், தாழை விழுதையே கயிறாகக் கொண்டு ஊசல் கட்டி ஆடுகிறார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய பாட்டு. இன்று காலை எங்கள் ஊர்க் கரையில் எடுத்த புகைப்படம் போல் இருக்கிறது. நற்றிணையின் தொண்ணூறாவது பாட்டிலோ பனைநார் முறுக்கிய பெருங்கயிற்று ஊசல் தொங்குகிறது. சிலப்பதிகாரத்தில் 'ஊசல் வரி' உண்டு. திருவாசகத்தில் 'திருப்பொன்னூசல்' உண்டு. பெண்பாற் பிள்ளைத்தமிழ் பாடுகிற புலவன் ஊசல் பருவம் பாடாமல் நூலை முடிப்பதில்லை. தாழை விழுதில் தொடங்கிய ஆட்டத்தைப் பொன்னாலும் மணியாலும் சிங்காரித்துக் கடவுளுக்கே கொடுத்துவிட்டார்கள் நம் முன்னோர்கள்.

தமிழ்நாட்டோடு இது நிற்கவுமில்லை. மலையாளத்தில் ஓணத்துக்கு ஊஞ்சல். ஒரிஸ்ஸாவில் ஜூன் மாதத்து ரஜப் பண்டிகையில் மூன்று நாளும் பெண்களுக்கு ஊஞ்சல். வடநாட்டில் சிராவண மாதத்துத் தீஜ் பண்டிகைக்கு ஊஞ்சல். இலங்கையில் சித்திரை வருஷப் பிறப்புக்கு ஊஞ்சல். பாங்காக் நகரத்தில் 1784-ஆம் வருஷம் நிறுவிய மாபெரும் ஊஞ்சலில், நம் திருவெம்பாவையின் பெயரைத் தாங்கிய விழா ஒன்று நடந்துவந்தது; 1935-ஆம் வருஷத்தோடு ஊஞ்சலாட்டம் மட்டும் நிறுத்தப்பட்டது. பாஷை வேறு, மதம் வேறு, அரசு வேறு. கால் தரையை விட்டுக் கிளம்பும்போது அடிவயிற்றில் தோன்றும் குளிர்ச்சி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

அந்தக் குளிர்ச்சி இல்லாத குழந்தைப் பருவத்தைக் கற்பனை செய்து பாருங்கள். கையகலக் கண்ணாடித் திரைக்கு முன்னால் மணிக்கணக்காகக் குனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி எல்லாத் தாய் தகப்பன்மாரும் இன்று குறைப்படுகிறோம். திரையிலிருந்து கிளப்புவதற்குப் பிரசங்கம் செய்கிறோம். ஆனால் கிளம்பி வந்தால் அவர்கள் போவதற்கு ஒரு மரத்தடியை ஏற்பாடு செய்திருக்கிறோமா? கடையில் வாங்கிய பொம்மைக்குக் கணக்கில் ஒரு வரிதான் உண்டு. வீட்டில் கட்டிய ஊஞ்சலுக்கோ ஒரு கதை உண்டு. அதில் தகப்பனார் ஏணியில் ஏறுவார், பாட்டி கீழே நின்று பயப்படுவார், பிள்ளைகள் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு யோசனை சொல்லுவார்கள்.

நாம் சொல்ல வந்தது இதுதான். ஊஞ்சலில் ஏறுகிற குழந்தை கயிற்றைப் பார்ப்பதில்லை. கட்டியவர் முகத்தைப் பார்க்கிறது. மாமா கட்டினார், அப்பா கட்டினார் என்றால் அதற்கு மேல் அதற்குச் சாட்சி வேண்டியதில்லை. குழந்தை கேள்வி கேட்காமல் ஏறுகிறது என்பதனாலேயே, அத்தனை கேள்விகளையும் நாம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். கொல்லை ஊஞ்சலுக்கு மட்டுமா இது? பள்ளிக்கூடத்துக் கூரை, பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி, ஆற்றுப் பாலம், பாடப் புஸ்தகம், நாம் போட்டு வைக்கிற சட்டதிட்டங்கள் ஆகிய எல்லாவற்றின் மேலும் அவர்கள் இப்படித்தான் ஏறி உட்காருகிறார்கள். 1947-இல் நமக்கு முந்திய தலைமுறை பெரும்பாடு பட்டு ஒரு கயிற்றை நம் கையில் கொடுத்துவிட்டுப் போயிற்று. அதை அலங்காரமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோமா, அல்லது பெரியவரின் தாய்மாமனைப் போல் கண்ணை மூடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோமா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அறுந்த பிறகு தடைச் சட்டம் போடுவது பிடித்துக்கொண்டிருந்ததாக ஆகாது.

நான்கு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அதற்குள் பெரியவரின் மேற்பார்வையில் புதிய நார்க் கயிற்றில் இரண்டாவது ஊஞ்சல் தயாராகியிருந்தது. இந்தத் தடவை முக்கால் மணி நேரம் அல்ல. இரண்டு பகல் பிடித்தது. கிணற்றடிக் கல்லை நாலு பேராகப் புரட்டி அகற்றினோம். நம் தங்கை சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

தூதுகோஷ்டி மரத்தடியில் கூடிற்று. ஆனால் தலைவி அருகே வரவில்லை. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, கயிற்றை மேலிருந்து கீழே வரையில் பார்த்தாள். முன்பு அவள் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நாம்தான் என்பதை நினைக்கையில் நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது.

"மாமா, முதல்ல நீங்க உட்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தோம். நம்முடைய எடையை இங்கே வெளியிடும் உத்தேசமில்லை. அவளைப் போல் மூன்று மடங்கு என்று மட்டும் சொல்லி வைக்கிறோம். குழந்தைகள் மூவரும் சேர்ந்து தள்ளினார்கள். வேப்பங்கிளை ஒரு தரம் முனகிற்று, கயிறு முனகவில்லை. முன்னும் பின்னுமாக, நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் உபாத்தியாயர் வேஷ்டியை இடுக்கிக்கொண்டு ஆகாயத்தில் போய்த் திரும்பும் காட்சியை, வேலிக்கு அப்புறம் நின்ற பெரியவர் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது வரையில் எண்ணினாள் அவள். பிறகு நம்மை இறங்கச் சொல்லிவிட்டுத் தான் ஏறி உட்கார்ந்தாள்.

"மெதுவா, மாமா" என்றாள்.

சமையலறை ஜன்னலில் பாத்திரச் சத்தம் மறுபடியும் கேட்க ஆரம்பித்தது. நாம் பலகைக்குப் பின்னால் நின்று, மெதுவாகத்தான் தள்ளினோம்.